பொண்ணோட அம்மா பொம்மை

இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது எங்க பெரியத்தை சிவகாமு. எனக்கு அம்மை போட்டு வேப்பிலையில படுத்துக் கிடந்தப்போ, சொறிஞ்சுக்கக் கூடாதுன்னு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டே சொன்னாங்க. அந்தக் கை வாசனை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. நீயும் கையைக் கொடு. ம் கொட்டணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு பொம்மைக்காரி. பேரு அஞ்சலாட்சி. அவ அண்ணன் களிமண்ணை அச்சுல வார்ப்பான், இவ மூஞ்சி எழுதுவா. அந்த வருஷம் தையல்நாயகின்னு ஒரு அம்மா கொலுவுக்குக் கல்யாண செட்டு கேட்டாங்க. ஆவணியிலதான் ஒரே பொண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தாங்க. "அதுல பொண்ணோட அம்மா பொம்மை மட்டும் நல்லா அமையணும்டி"ன்னாங்க.

அஞ்சலாட்சி வாயைக் காது வரைக்கும் இழுத்து எழுதினா. "ஏண்டி, பொண்ணு போனது இவளுக்கு அவ்வளவு நிம்மதியா?"ன்னு திருப்பிட்டாங்க.

அப்புறம் ரெண்டாவது. கன்னத்துல பொட்டுப் பொட்டா கண்ணீர். "ஐயோ, நவராத்திரியில ஒப்பாரியா?" அதுவும் திரும்பிடுச்சு.

அண்ணன் சொன்னான்: "மூணாவதும் திரும்பினா பிரஷ்ஷைத் தொடாதே. நீ மண்ணு மிதிச்சாப் போதும்."

அவளுக்குச் சோறு இறங்கலை. எழுதறதை விட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?

ம்? தூங்கிட்டியா? இல்லையே, சரி.

அப்போ பேர்போன பொம்மலாட்டக் கூட்டம் ஒண்ணு ஊருக்கு வந்துச்சு. டண்டண் டண்டண்னு மத்தளம். திரைக்குப் பின்னால ஆட்டறவங்க கால்ல சலங்கை, சல் சல் சல். மர ராணி மக கல்யாணத்துல சிரிக்கறா, ஜனமெல்லாம் சிரிக்குது. மகளைப் பல்லக்குல ஏத்தி அனுப்பறப்போ அழறா. அஞ்சலாட்சி முந்தானையே நனைஞ்சு போச்சு.

விடிஞ்சதும் ஓடினா. பொம்மையெல்லாம் கயித்துல தொங்குது. மூட்டை கட்டிட்டிருந்த பொம்பளைகிட்ட கேட்டா: "அக்கா, அழுத ராணி எங்க?"

"இந்தா."

"இது சிரிச்ச ராணி. அழுதது?"

"ரெண்டும் இதான் புள்ள. ரெண்டு ராணி வச்சா எங்க வண்டி தாங்குமா?"

கிட்டப் போய்ப் பார்த்தா. உதடு ஒரே கோடு. சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. இமை மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கு. 'அப்போ நேத்து நான் எதைப் பார்த்து அழுதேன்?'

விடுவிடுன்னு வீட்டுக்கு வந்தா. உதட்டுக்கு ஒரே கோடு. இமையைக் கொஞ்சம் இறக்கினா. பிரஷ்ஷைக் கீழே வச்சுட்டா.

"மூஞ்சி இன்னும் முடியலையே!"ன்னான் அண்ணன்.

"முடிஞ்சுது."

தையல்நாயகி அம்மா அதை வாசல் வெளிச்சத்துல பிடிச்சாங்க. "சிரிக்கறா"ன்னாங்க. உள்ளே விளக்குகிட்ட கொண்டு போனாங்க. முந்தானையால பொம்மையோட கன்னத்தைத் துடைச்சாங்க. கன்னம் காஞ்சுதான் இருந்துச்சு. பொம்மை திரும்பி வரவே இல்லை. அதுக்கப்புறம் அஞ்சலாட்சி எழுதின மூஞ்சிக்கெல்லாம் அந்த ஒரே கோடுதான்.

அந்தப் பொண்ணோட அம்மா பொம்மைதான் கைமாறி கைமாறி நம்ம கொலுவுல மூணாம் படியில நிக்கறா. உங்கம்மாவைப் புருஷன் வீட்டுக்கு பஸ் ஏத்திட்டு வந்து, பரண்ல இருந்து இவளை எடுத்து வச்சுப் பார்த்துட்டுதான் நான் உக்காந்திருந்தேன். அன்னிக்கு இவ முகம் எப்படி இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்.

கதை முடிஞ்சு கொலுப்படி ஏறியாச்சு, நீ கண்ணை மூடு. காலையில சாமி கும்பிட்டுட்டு அவளை ஒரு தரம் பாரு. சிரிக்கறாளா அழறாளான்னு வந்து எங்கிட்ட மட்டும் சொல்லு.