பள்ளத்துக் கொட்டகை ஒயின்

ஏழு நாட்டு எல்லை தாண்டி, ஒரு பெருங்கடலும் தாண்டி, நம் ஊர்க் காக்கை பறந்து களைத்துப்போகிற தூரத்துக்கும் அப்பால் டஸ்கனி என்றொரு சீமை இருந்ததாம். மலைக்கு மலை திராட்சைத் தோட்டம். வீட்டுக்கு வீடு பீப்பாய். அந்தச் சீமையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் பால்தோ என்றொருவர்.

பால்தோவுக்குக் கல் அடுக்கிச் சுவர் கட்டுகிற வேலை. வயது அறுபதைத் தொட்டிருந்தது. அவர் மனைவி அசுந்தா அறுவடை நேரத்தில் கண்ணை மூடிவிட்டாள்.

அசுந்தாவுக்கு ஓர் அக்கா உண்டு. பெரிய ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அடக்கம் முடிந்து திரும்பும்போது பால்தோவின் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "பாவி மக, இந்த ஆளைக் கட்டிக்கிட்டு என்ன சுகத்தைக் கண்டா?"

அந்தச் சொல் பால்தோவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்கவே இல்லை.

ஏன், சுகம் இல்லாமலா? சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று இருந்ததே. அவர் கூலியைக் கொண்டுவந்து கொடுப்பார். அசுந்தா பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போய், வைக்கோல் சுற்றிய குப்பியில் சிவப்பு ஒயின் வாங்கி வருவாள். சொற்பக் காசுதான். ஆனால் அப்படியொரு ஒயினை அவர் வேறெங்கும் குடித்ததில்லை. முப்பது வருஷமாக அதே ருசி. எங்கே வாங்குகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் வருஷ நினைவுப் பூசைக்கு அக்கா வருவாள். அன்றைக்கு அந்த ஒயினை அவள் முன்னால் ஊற்றிவைக்க வேண்டும். உன் தங்கை என் வீட்டில் இதைத்தான் குடித்தாள் என்று சொல்ல வேண்டும். பால்தோவுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

நல்ல ஒயினுக்கு யாரும் போகாத பள்ளத்துக் கொட்டகையை மட்டும் விட்டுவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கினார். அகப்படவில்லை. கடைசியில், ஒயின் ருசி பார்த்து வாங்கித் தருகிற நேவியாவிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

நேவியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனாலும் அவள் வாசலில் தலை காட்டினாலே வியாபாரிகள் தாங்களாகவே விலையைக் குறைப்பார்கள் என்று பேச்சு. காசுள்ளவனுக்கு நல்ல ஒயினை யார் வேண்டுமானாலும் காட்டிவிடலாம், இல்லாதவனுக்குக் காட்ட அவள் ஒருத்திதான் என்றார்கள்.

"எப்படி இருக்கும் உங்க ஒயின்?" என்று கேட்டாள் நேவியா.

"செர்ரிப் பழம் மாதிரி, அம்மா. நாக்குல உரசாது. வழுக்கிக்கிட்டு இறங்கும்."

"விலை?"

சொன்னார். நேவியா சிரித்துவிட்டாள். "அந்த விலைக்கு வழுக்கிக்கிட்டு இறங்குறது விளக்கெண்ணெய்தான், ஐயா."

"என் அசுந்தாவுக்குக் கைராசி."

"சரி. எதோட சேர்த்துக் குடிப்பீங்க?"

"முதல்ல ஆட்டுப்பால்ல செஞ்ச பாலாடைக்கட்டி ஒரு துண்டு. அதை நான் மென்னு முழுங்குற வரைக்கும் குப்பியைத் தொட விடமாட்டா. சின்னப் பிள்ளையை மிரட்டுற மாதிரி மிரட்டுவா."

நேவியாவின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஐயா, அந்த ஒயினைத் தேட வேண்டாம். அதே விலையில நல்லதா ஒண்ணு நானே பார்த்துத் தர்றேன். கொண்டுபோய் அவங்க அக்காவுக்கு ஊத்துங்க."

"நல்லது வேணும்னு நான் வரலை, அம்மா. அது வேணும்னு வந்தேன்."

நேவியா அவரையே பார்த்தாள். "அப்போ நாக்கைப் பழக்கணும். மாசக்கணக்கா ஆகும்."

"சுவர் கட்டுறவன்கிட்ட பொறுமையைப் பத்திப் பேசுறீங்களே," என்றார் பால்தோ.

அவருக்கு அவள் குருவானாள். பீப்பாய் உருட்டினார், கிண்ணம் கழுவினார், அவள் பின்னாலேயே நடந்தார்.

ஒருநாள் ஒரு மேட்டில் எல்லைக்கல் பக்கத்தில் நிறுத்தி இரண்டு கிண்ணம் கொடுத்தாள். ஒன்று கல்லுக்கு இந்தப் பக்கத்து ஒயின், மற்றது அந்தப் பக்கத்தது. பால்தோ இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தார்.

"ஒரு வித்தியாசமும் தெரியலையே."

"அந்தப் பக்கத்துக்கு அஞ்சு மடங்கு விலை."

"அப்படி என்ன இருக்கு அந்தப் பக்கம்?"

"பேரு."

இன்னொரு நாள் ஒரு நிலவறையில், ஒரே கொடியின் பழத்தில் பிழிந்த இரண்டு ஒயின்களைக் காட்டினாள். ஒன்று மரப்பீப்பாயில் ஐந்து வருஷம் உறங்கி எழுந்தது. மற்றது வருஷம் திரும்புவதற்குள் வெளியே வந்தது. "அண்ணன் விலையைக் கேட்டா மயக்கம் வரும். தம்பியை வாங்குங்க. ஒரே வயித்துப் பிள்ளைதான்."

பின்னொரு நாள் ஒரு வியாபாரி ருசி பார்க்க ஒயினும், கூடவே ஒரு தட்டில் பாலாடைக்கட்டியும் வைத்தார். பால்தோ கையை நீட்டினார். நேவியா அந்தக் கையிலேயே ஓர் அடி வைத்தாள். மடியிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து நறுக்கிக் கொடுத்தாள்.

"இதைத் தின்னுட்டுக் குடிங்க."

குடித்தார். முகம் கோணிப்போயிற்று.

"இப்போ அந்தக் கட்டியைத் தின்னுட்டு."

குடித்தார். அதே ஒயின் இப்போது வழவழவென்று இறங்கியது. பால்தோ கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாலாடைக்கட்டி நாக்குல மெழுகிவிட்டுடும், ஐயா. புளிப்பும் தெரியாது, கரகரப்பும் தெரியாது. விக்கிற ஆள் முந்திக்கிட்டுத் தட்டை நீட்டினா, பீப்பாய்ல ஏதோ கோளாறுன்னு வச்சுக்கங்க."

"விரிசல் மேல சுண்ணாம்பு பூசுற மாதிரி," என்று சொல்லிச் சிரித்தார் பால்தோ. நேவியா சிரிக்கவில்லை. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த அறுவடை நெருங்கியது. பால்தோவின் நாக்கு நன்றாகத் தேறிவிட்டது. சொற்பக் காசுக்கு நல்ல ஒயின் ஏழெட்டு அவரே கண்டுபிடித்திருந்தார். எதுவும் அது இல்லை.

பூசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் சொன்னார்: "நீங்க என்னைக் கூட்டிட்டுப் போகாத இடம் ஒண்ணு இருக்கும்மா. பள்ளத்துக் கொட்டகை."

"அங்க நாக்குத் தெரிஞ்சவங்க யாரும் போறதில்லை."

"அசுந்தா அந்தப் பக்கம்தான் இறங்குவா."

நேவியா கூடைப் பக்கம் திரும்பினாள். ஓர் ஆப்பிளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

கொட்டகை கஸ்பாரே என்கிற கிழவருடையது. பெரிய தோட்டங்களில் பிழிந்து தள்ளிய சக்கையை அள்ளி வந்து, தண்ணீர் விட்டு, மறுபடி பிழிந்து விற்கிறவர். உத்திரத்தில் பாலாடைக்கட்டிகள் தொங்கின. அவர் ஒரு கிண்ணம் பிடித்துக் கொடுத்தார். பால்தோ ஆப்பிளைத் தின்றுவிட்டு ஒரு மிடறு குடித்தார். உடனே வெளியே போய்த் துப்பினார்.

"புளிச்ச காடி. கஸ்பாரே, இதை மனுஷன் குடிப்பானா?"

"துப்பத் தெரிஞ்சவன் குடிக்க மாட்டான்," என்றார் கஸ்பாரே, கோபமில்லாமல். "முப்பது வருஷமா ஒரு அம்மா சனிக்கிழமை தவறாம வந்துச்சு. இந்தக் காடிக்கும் பேரம் பேசும். மிச்சக் காசுக்கு மேல தொங்குதே, அதுல ஒரு துண்டு வாங்கிக்கும். ஒரு வருஷமா ஆளைக் காணோம். கடைசியா நிரப்பக் கொடுத்த குப்பி இன்னும் இங்கதான் கிடக்கு."

மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வைக்கோல் பிய்ந்த இடத்தில் நீல நூலால் தைத்திருந்தது. பால்தோவின் சட்டைக் கைகளில் ஓடுகிற அதே நூல், அதே தையல்.

பால்தோ வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தையலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவளும் தட்டை நீட்டுற வியாபாரியாத்தான் இருந்திருக்கா, அம்மா. முப்பது வருஷம் என் நாக்குல சுண்ணாம்பு பூசியிருக்கா. அவ அக்கா கேட்டது நியாயம்தானே? இதையா நான் அவ முன்னால ஊத்துறது?"

நேவியா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை துண்டு வாங்குவாங்க?"

"ஒண்ணு."

"யார் தின்பீங்க?"

"நான்தான். அவளுக்கு அந்த வாடை பிடிக்காதும்பா."

"அப்புறம்?"

"ரெண்டு கிண்ணத்துல ஊத்துவா. என்கூடவே ஒரே மூச்சுல குடிப்பா. குடிச்சுட்டு என் முகத்தையே பார்ப்பா. இன்னைக்கு நல்லா இருக்கில்லன்னு கேட்டுச் சிரிப்..."

மேட்டில் எங்கேயோ பழம் பறிக்கிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அப்போ அவ குடிச்சது?" என்றார் பால்தோ.

"நீங்க இப்போ துப்பினதுதான், ஐயா."

சொல்லிவிட்டு நேவியா எழுந்தாள். மிச்ச ஆப்பிளைப் படியில் வைத்துவிட்டு மேடேறிப் போனாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் படியை விட்டு இறங்கும்வரை பால்தோ அங்கேயே இருந்தார். பிறகு உள்ளே வந்து குப்பியை நீட்டினார். கஸ்பாரே நிரப்பிக் கொடுத்ததும் வெறும் வாயில் ஒரு மிடறு குடித்தார். இந்தத் தடவை துப்பவில்லை.

கஸ்பாரே உத்திரத்துக்குக் கையை உயர்த்தினார். "வெறுமனே இறங்காது. எத்தனை பேர் குடிக்கப் போறீங்க?"

"ரெண்டு பேர். நானும் அவ அக்காவும்."

"அப்போ ரெண்டு துண்டு."

"ஒண்ணு போதும், அவ அக்காவுக்கு," என்றார் பால்தோ. அதைத் துணியில் முடிந்துகொண்டு, குப்பியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி மேட்டில் ஏறிப் போனார்.