கும்பிடு வாங்கப் போன மொரான் கெண்டை

ஆறு கடலோடு சேருகிற கழிமுகத்தில் ஒரு மொரான் கெண்டை இருந்தது. ஆள் நீளம். உடம்பெல்லாம் வெள்ளித் தட்டு மாதிரி செதில். அதற்கு ஓரிடத்தில் நிற்கவே தெரியாது. பல மீன்களுக்குக் கொடுக்காத ஒரு வரத்தை ஆண்டவன் அதற்குக் கொடுத்திருந்தான். நீருக்கு மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். கீழே போகும். மறுபடி வரும்.

கரையோரத்து அலையாத்தி வேர்களுக்குள் ஒரு சின்ன நண்டு குடியிருந்தது.

"அண்ணே, எந்நேரமும் இப்படி அலைகிறாயே! கொஞ்சம் இங்கே வந்து இரேன்."

"அந்தச் சேற்றிலா? நானா? அங்கே என்னை யார் பார்ப்பார்கள்?" என்று வாலால் ஓர் அடி அடித்துவிட்டு மொரான் போய்விடும்.

ஒருநாள் காத்தமுத்து என்கிற மீன்பிடிக்காரர் தன் மச்சானோடு வள்ளத்தில் வந்தார். தூண்டிலில் கொழுத்த இறாலைக் கோத்துப் போட்டார். மொரான் லபக்கென்று கவ்வியது. முள் சுருக்கென்று குத்தியது. வலி பொறுக்காமல் தண்ணீரை விட்டு எகிறிக் குதித்தது!

மேலே இருந்தபடியே பார்த்தது. என்ன ஆச்சரியம்! வள்ளத்தில் நின்ற மனிதர் தூண்டில் கம்பைத் தாழ்த்தினார். இடுப்பை வளைத்துக் குனிந்தார்!

மொரானின் தாடை கெட்டி எலும்பு. முள் சரியாக ஏறவில்லை. தலையை உதறியதும் கழன்று விழுந்தது.

"பார்த்தீர்களா எல்லோரும்!" என்று மொரான் கழிமுகமெங்கும் சொல்லிக்கொண்டு ஓடியது. "எனக்குப் படையல் போட்டார். நான் எழுந்தருளினேன். கும்பிட்டார். அப்புறம்தான் விட்டார்!"

நண்டு அப்போது வள்ளத்தின் நங்கூரக் கயிற்றில் தொற்றிக்கொண்டிருந்தது. மேலே நடந்த பேச்சு அதன் காதில் விழுந்தது.

"அது குதிக்கும்போது நூல் விறைப்பா இருந்தா அறுந்துரும் மச்சான். குனிஞ்சு தளர விடணும். நாலு தடவை குதிச்சா தானா களைச்சுப் போயிரும்" என்றார் காத்தமுத்து.

நண்டு பதறிப்போய் ஓடி வந்தது.

"அண்ணே! அவர் உனக்குக் குனியவில்லை. நூலுக்குக் குனிகிறார்!"

"பொறாமை! கோணல் நடை நடக்கிற உனக்கு நேரானது எதுவும் தெரியாது!"

"நடைதான் கோணல், அண்ணே. காது நேராகத்தான் கேட்கிறது. மேலே போனால் மூச்சை வாங்கிக்கொண்டு வா. கும்பிடு வாங்கப் போகாதே!"

மொரான் கேட்கவில்லை.

பிறகு மூன்று நாள் பெருங்காற்று. வள்ளம் வரவில்லை. மொரானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரை இறங்கவில்லை. மேலே போகும், பார்க்கும், கீழே வரும். "வந்துவிட்டாரா? வள்ளம் தெரிகிறதா?" என்று கண்ட மீனையெல்லாம் கேட்கும். மடவைக் குஞ்சுகள் அதைக் கண்டாலே ஒளிந்துகொண்டன.

நான்காம் நாள் வள்ளம் வந்தது. மொரான் தானாகவே தூண்டிலைத் தேடிப் போனது.

"வேண்டாம் அண்ணே!" என்று நண்டு கத்தியது.

"படையலைத் தொடாவிட்டால் பக்தர் மனம் நோகாதா?"

இந்தத் தடவை முள் ஆழமாக ஏறிவிட்டது. மொரான் குதித்தது. காத்தமுத்து குனிந்தார். "அப்படித்தான்!" என்று பூரித்து மொரான் மறுபடி குதித்தது. மறுபடி குனிந்தார். மூன்றாம் தடவை பாதி உயரம்தான் எழும்ப முடிந்தது. அதற்கும் குனிந்தார். ஆனால் விடவில்லையே! நூல் இழுத்துக்கொண்டே இருந்தது.

நான்காம் தடவை தலை மட்டும்தான் வெளியே வந்தது. பக்கத்திலேயே வள்ளம். காத்தமுத்து இதுவரை இல்லாத அளவுக்குத் தாழக் குனிந்தார்.

'இதோ, காலிலேயே விழப்போகிறார்!' என்று நினைத்தது, கால் இல்லாத மொரான்.

அவர் கையில் இரும்புக் கொக்கி பளபளத்தது.

"செவுளில மாட்டி இழுங்க மச்சான்! பனங்கட்டை மாதிரி இருக்கு!" என்றது இன்னொரு குரல்.

மொரான் சட்டென்று தலையைத் திருப்பியது.

"குதிக்காதே அண்ணே! கீழே வா! வேருக்குள்ளே வா!" நண்டின் குரல் கேட்டது.

மொரான் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அடியில் பாய்ந்தது. சேற்றைக் கலக்கிக்கொண்டு வேர்களுக்குள் நுழைந்தது. வேரெல்லாம் கத்தி மாதிரி சிப்பி ஒட்டியிருந்தது. நூல் அதில் உரசிப் பட்டென்று அறுந்தது! வள்ளத்தில் காத்தமுத்து மல்லாக்க விழுந்தார்.

சேற்றில் புதைந்து மொரான் வெகுநேரம் அசையாமல் கிடந்தது. அத்தனை நாளில் அன்றுதான் அது ஓரிடத்தில் இருந்தது.

"சேறு பரவாயில்லையா, அண்ணே?" என்று நண்டு மெல்லக் கேட்டது.

"குளிர்ச்சியாக இருக்கிறது, தம்பி."

மொரான் இன்றும் மேலே போகத்தான் செய்கிறது. மூச்சு வேண்டுமே! ஒரு வாய் காற்றை வாங்கும், வந்துவிடும். "அங்கே ஒருவர் குனிகிறார்!" என்று குஞ்சுகள் கூவினால், "அவர் கையில் என்ன இருக்கிறது? முதலில் அதைப் பாருங்கள்!" என்று சொல்லும்.

நம் முன்னால் குனிகிறவரெல்லாம் நம்மைக் கும்பிடுகிறவர் அல்ல. அது புரியாமல் புகழுக்குத் துள்ளுகிறவர் துள்ளத் துள்ள, எதிரியின் வேலைதான் எளிதாகும்.