இலைமுடி சுல்தான்

சோமாலி நாட்டு முள்காட்டில் ஒரே ஒரு குட்டை இருந்தது. கோடை வந்தால் போதும், விலங்குகள் எல்லாம் முண்டியடித்துக் கொண்டு அதில் இறங்கும். பாதித் தண்ணீர் சேறாகிவிடும். ஒருநாள் நெரிசலில் ஒரு கழுதைக்குட்டியின் கால் ஒடிந்தது.

“இனிமே நமக்கு ஒரு சுல்தான் வேணும்!” என்று வேலமரத்தடியில் கூட்டம் போட்டன. இதுவரை அங்கே சுல்தானே இருந்ததில்லை. கூலேத் என்ற ஒட்டகம்தான் எல்லாரையும்விட உயரம். அதையே தேர்ந்தெடுத்தன.

அங்கே தங்கக் கிரீடம் எல்லாம் கிடையாது. அந்த நாட்டு வழக்கப்படி தலையில் பச்சை இலைகளைச் சூட்டின. பொழுது சாயும்வரை அந்த இலைகள் தலையில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பதவி போச்சு!

காடே காய்ந்து கிடக்க, கூலேத்தின் தலை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. சூட்டியவர்களுக்குக் கொஞ்சமாவது மூளை வேண்டாமா? குடிமக்களில் பாதிப் பேர் ஆடுகள்!

“சுல்தானே, கொஞ்சம் குனிங்க. ஒரு முறையீடு!” என்றது டேக்கோ என்ற சினை ஆடு.

கூலேத் குனிந்தது. லபக்! நாலு இலை காலி.

“முறையீடு எங்கே?”

“அதான் முழுங்கிட்டேனே!”

‘இலை போனால் பதவியும் போச்சே!’ என்று கூலேத் பதறியது. ஒரே ஓட்டமாக மேட்டில் ஏறி நின்றுகொண்டது. ‘அப்பாடா, தலை தப்பியது!’ என்று பெருமூச்சு விட்டது.

கீழே குட்டையில் மறுபடியும் தள்ளுமுள்ளு. கழுதைக்குட்டி நொண்டி நொண்டி வந்தது. ஒரு காட்டுப்பன்றி அதை இடித்துத் தள்ளியது.

‘இறங்கினால் இலை போகும். இறங்காவிட்டால் குட்டி போகும்.’ கூலேத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் இறங்கி வந்தது. கூட்டத்தின் நடுவில் மண்டியிட்டுத் தலையை நீட்டியது.

“வரிசையில வந்தா ஆளுக்கு ஒரு இலை! குட்டி முதல்ல! சினை ஆடு அடுத்து! இலை தின்னதும் அதே வரிசையில போய்த் தண்ணி குடிக்கணும்!”

இலை என்றதும் எல்லாம் கப்சிப்பென்று வரிசையில் நின்றன. அன்றைக்குத் தண்ணீர் கலங்கவே இல்லை.

பொழுது சாய்ந்தபோது கூலேத்தின் தலை மொட்டை. அது வாடிய முகத்தோடு எழுந்து நடந்தது.

“எங்க கிளம்பிட்டீங்க சுல்தானே? நாளைக்கு வரிசையை யாரு பாத்துக்கிறது?” என்றது டேக்கோ.

“தலையில ஒரு இலைகூட இல்லையே!”

“அதான் எங்க எல்லார் வயித்துலயும் இருக்கே!”

இப்படித்தான் கூலேத் அந்தக் காட்டின் முதல் சுல்தான் ஆனது.

தன் பதவியைக் காப்பதைவிடத் தன்னை நம்பியவர்களைக் காப்பவரே நல்ல தலைவர்.