கறிச்சட்டி

"ஒண்ணு அந்தக் கறிச்சட்டி இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றார் வைத்தியலிங்கம்.

மடத்தை நடத்தும் மரகதம் அவரைவிட இருபது வயது இளையவர். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"மாசத்துல ஒரு நாள்தானே ஐயா கறி. மத்த நாளெல்லாம் காய்தானே."

"ஒரு நாள்னாலும் உயிர் உயிர்தாம்மா."

வைத்தியலிங்கம் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். பிடித்தால் உடும்புப்பிடி. ஏழு மடம் ஏறி இறங்கி, இங்கே வந்த பிறகுதான் அவருக்கு மனசு அடங்கியது. இதை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. ஆனாலும் பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் பேச வந்திருந்தார்.

கறி வேகும் நாளில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. இலை போட்டதும், ஆட்டை வளர்த்த இருளாயி எழுந்து அதன் பெயரைச் சொல்வாள்.

"இது வெள்ளைக்காது."

எல்லோரும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்ன பிறகே சோற்றில் கை வைப்பார்கள். இலையில் ஒரு துணுக்கு மிஞ்சக் கூடாது. வைத்தியலிங்கம் மட்டும் மோர்ச்சோற்றோடு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்.

மரகதம் கத்தியைக் கீழே வைத்தார்.

"சரி, சட்டிய உடைச்சிடுறேன். அதுக்கு முன்னால ஒரு மாசம், நாங்க அந்த ஆட்டைச் சாப்பிடுற மாதிரி நீங்க காய்கறியைச் சாப்பிடுங்க."

"இவ்வளவுதானா?"

பையை அவிழ்த்தார்.

முதல் நாள் கீரைத்தண்டை இலையோரம் ஒதுக்கிவிட்டு எழப் போனார். மரகதம் பார்த்தார். திரும்ப உட்கார்ந்து மென்றார்.

இரண்டாம் நாள் பாகற்காய். எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து முடித்தார். தோற்பதற்கு அவர் வரவில்லை.

பத்தாம் நாள் காலி இலையை மரகதத்திடம் காட்டினார்.

"பாருங்க, ஒண்ணும் மிச்சமில்ல."

"பேர் சொன்னீங்களா?"

"கீரைக்கு என்னம்மா பேரு? அரைக்கீரை."

"வெள்ளைக்காதுக்கும் ஆடுன்னு ஒரு பேரு இருக்கத்தான் செய்யுது."

வைத்தியலிங்கம் காலி இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் கீரைக்கூடையோடு வந்தவளை வாசலிலேயே நிறுத்தினார்.

"உன் பேரு என்னம்மா?"

"செவந்தி. மூணு வருசமா வர்றேன், இன்னைக்காவது கேட்டீங்களே சாமி."

அவள் விரலில் துணி சுற்றியிருந்தது.

"அது என்ன காயம்?"

"கீரை அறுக்கையில அருவா பட்டிருச்சு."

"எப்போ?"

"நேத்து விடியக்காலம். உங்களுக்குக் கொண்டாந்தேனே, அதை அறுக்கையிலதான்."

அன்று மத்தியானம் இலை போட்டதும் வைத்தியலிங்கம் எழுந்து நின்றார்.

"இது செவந்தியோட கீரை."

எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளவில்லை.

முப்பதாம் நாள். மரகதம் கறிச்சட்டியையும் ஒரு கருங்கல்லையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"உடைச்சிடலாமா ஐயா?"

வைத்தியலிங்கம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். புளிக்குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் கை வைக்கவில்லை.

"அது கிடக்கட்டும்மா. இந்தப் புளியை உலுக்கினது யாரு?"