முப்பது காருக்கு இடம்

மொட்டணாம்பாளையத்துக்கு யாராவது வழி கேட்டால், எங்கள் பக்கத்து ஆட்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அந்த ஊரில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டி, சென்னியப்பனை மேனேஜராகப் போட்டார்கள். பாவம், நல்ல மனிதர். திறந்த நாளிலிருந்து அங்கே ஒரு காதுகுத்துகூட நடக்கவில்லை. இந்த மாதமும் சும்மா கிடந்தால் மண்டபத்தைப் பூட்டிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். முன்னால் இருக்கும் மைதானத்தில் முப்பது கார் நிற்குமா என்று நிறுத்திப் பார்த்து வைக்கச் சொன்னார். மறுநாளைக்கு அடுத்த நாள் நேரில் வருவதாகவும், நின்றால் கல்யாணம் அங்கேதான் என்றும் சொன்னார்.

ஊரில் இருந்ததோ ஒரே கார். மறுநாள் அதை மூலையில் நிறுத்தி, "ஒண்ணு" என்றார் சென்னியப்பன். பக்கத்தில் நகர்த்தி நிறுத்தி இரண்டு என்று சொல்ல வாயெடுத்தார். வாட்ச்மேன் நாச்சிமுத்து தடுத்துவிட்டார்.

"மொதல்ல நின்ன எடம் காலியாயிருச்சுங்களே. காலி எடத்தை எப்படிங்க கணக்குல சேக்கறது?"

சென்னியப்பனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பொழுது சாயும்வரை நகர்த்தியும் கணக்கு ஒன்றைத் தாண்டவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் நாச்சிமுத்துவே வழி கண்டுபிடித்தார். காரைச் சுற்றிக் கயிறு பிடித்து, அதே அளவில் முப்பது கயிறு வெட்டினார்கள். விடிந்ததும் ஊரே திரண்டு வந்தது. கயிற்றுக்குள் நாலு பேர், முன்னால் வலப்பக்கம் நிற்பவர் டிரைவர். முதல் வண்டியைச் சென்னியப்பனே ஓட்டி வந்து சுவரோரம் நிறுத்தினார். ஏசி வண்டி என்று சொல்லிக்கொண்டவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, யார் கூப்பிட்டும் பேசவில்லை. நெருக்கிப் பிடித்து நிறுத்தியதில் முப்பதாவது வண்டியும் உள்ளே வந்துவிட்டது. சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர் கார் வந்து வாசலில் நின்றது. நாச்சிமுத்து கையைக் குறுக்கே நீட்டினார்.

"உள்ள எடமில்லீங்க, நெறஞ்சு போச்சு. பக்கத்தூரு மண்டபத்துல காலியாத்தான் கெடக்குது, அங்க போங்க."

மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். கயிறுகளுக்குள் நின்ற ஊரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

சென்னியப்பன் பதறிப்போய் வண்டியிலிருந்து இறங்கப் பார்த்தார். ஓடிப் போய் மறிக்கலாம் என்றால் பக்கத்து வண்டி ஒட்டி நின்றது, கதவைத் திறக்க வழியில்லை. ரிவர்ஸ் எடுக்கலாம் என்றால் பின்னால் நின்ற வண்டியின் டிரைவர் மாரப்பன் டீ குடிக்கப் போயிருந்தார். சென்னியப்பன் தொண்டை கிழிய, வாயாலேயே ஹாரன் அடித்தார்.

மாரப்பன் வடையை மென்றபடி நிதானமாக வந்து கயிற்றுக்குள் ஏறினார். எடுக்கத்தானே போகிறேன், இதற்கு ஏன் இப்படி அடிக்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டே சட்டைப் பையைத் தடவினார். வேட்டி மடிப்பையும் தடவினார். பிறகு இறங்கிவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. சாவியை டீக்கடையில வெச்சுட்டு வந்துட்டனுங்க."