வயலுக்கு நடந்த கல்யாணம்

ஏமாங்குறிச்சியில் பவுனுத்தாயின் நிலத்தில் வேலை பார்த்த கொப்பையன், மாயாண்டி, தவசி மூவரும் அண்ணன் தம்பிகள். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அது ஒன்றுதான் அவர்களிடம் இருந்த கோளாறு.

நடவு முடிந்த கையோடு, மகளின் பிரசவம் பார்க்க வெளியூர் கிளம்பினாள் பவுனுத்தாய். மூத்தவன் கொப்பையனைக் கூப்பிட்டு, நெல்வயலைப் பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

கொப்பையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணமே ஆகாதவனை நம்பி ஒரு பெண்ணை ஒப்படைத்திருக்கிறாளே! பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சளி பிடிக்கும் என்று குடம் குடமாக வெந்நீர் வைத்து, ஆற்றி ஊற்றினான். நல்லவேளை, மழை தானாகப் பெய்தது. மாயாண்டி வரப்பில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடினான். அந்தக் குரலுக்குப் பயந்து எலிகூட அண்டவில்லை. கண் படாமலிருக்க நாற்று நாற்றாக மைப்பொட்டு வைத்த தவசி, மை தீர்ந்ததும் அழுதான்.

பயிர் தளதளவென்று வளர்ந்தது. ஒருநாள் அடுத்த வயல்காரர் செல்லக்கண்ணு போகிற போக்கில், "என்னப்பா, உங்க பயிரு சூல் கட்டிருச்சு போல" என்றார்.

கொப்பையனுக்குக் கைகால் ஓடவில்லை. பெற்றவள் ஊரில் இல்லாத நேரத்தில் பெண் கர்ப்பம். பவுனுத்தாய் முகத்தில் எப்படி முழிப்பது? வரப்பிலேயே பஞ்சாயத்து கூடியது.

"ஆளு யாருன்னு தெரியணும்" என்றான் மாயாண்டி.

"ராத்திரி பகலா இவகூடவே நிக்கிறவன் எவன்?" என்று கேட்டான் தவசி.

மூவரும் மெல்லத் திரும்பினார்கள். நடுவயலில் வைக்கோல் பொம்மை நின்றது.

"செய்யிறதையும் செஞ்சுட்டுக் கையை விரிக்கிறான் பாரு" என்றான் கொப்பையன்.

அடித்துவிடலாம் என்றான் மாயாண்டி. மாப்பிள்ளையாகப் போகிறவனை அடிக்கக்கூடாது என்று அண்ணன் தடுத்துவிட்டான். மறுநாளே தன் ஒரே புது வேட்டியைப் பொம்மைக்கு உடுத்தினான். பெண்ணின் கழுத்து எது என்று தெரியாததால், மஞ்சள் கயிற்றை வரப்போரத்துப் பயிரில் கட்டினார்கள். கொப்பையனே தாரை வார்த்துக் கொடுத்தான்.

பவுனுத்தாய் திரும்பியபோது வயல் முழுக்கக் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. நடந்ததைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஆனால் விளைச்சலைப் பார்த்தபின் திட்ட வாய் வரவில்லை. ஆள்விட்டு அறுத்து, அடித்து, களத்தில் நெல்லைக் குவித்தாள். சாக்கில் கட்டி வைக்கச் சொல்லிவிட்டு வண்டி பிடிக்கப் போனாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஒரு சாக்கும் நிரம்பவில்லை. கொப்பையன் ஒரு நெல்லை வாயருகே பிடித்து, மூன்று தடவை "செந்தட்டி" என்று முணுமுணுத்து, தனியாக வைத்தான்.

"பேரு வைக்காம பச்சப்பிள்ளைகளைச் சாக்குல கட்டலாமா தாயி?"

அவள் பதில் சொல்வதற்குள் தவசி பலமாகத் தும்மினான். பெயர் வைத்ததும் வைக்காததும் ஒன்றாகக் கலந்துபோயின.

கொப்பையன் பதறவில்லை. குவியலுக்கு முன்னால் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தான்.

"பேரு வச்சாச்சுங்கிறவங்க மட்டும் கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தான்.