வேப்பிலை கட்டிய அரண்மனை

கேளுங்கள், சிறியவர்களே, பெரியவர்களே. ராஜாக்களுக்கு மீசை பெரிதாகவும் காது சிறிதாகவும் இருந்த காலம் அது. ஒரே ஆற்றங்கரையில் மூன்று நாடுகள் இருந்தன. மூன்றுக்கும் மூன்று ராஜாக்கள்.

ஒரு கோடையில் மூன்று நாட்டுக்கும் ஒரே கொள்ளைக் காய்ச்சல் வந்தது. கழுதை மேல் உப்பு ஏற்றி ஊர் ஊராக விற்ற குருவாச்சிதான் மூன்று நாட்டையும் கண்ணால் கண்டவள்.

நோய் கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம். அதைப் பார்த்தால் வெளி ஆட்கள் உள்ளே போக மாட்டார்கள்.

முதல் ராஜா மாறவேளுக்கு முடிசூட்டு விழா நெருங்கியது. வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கினால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள்? என் நாட்டில் காய்ச்சலே இல்லை என்று முரசறைந்து, இலையை எல்லாம் பிடுங்கச் சொன்னான். ஜனங்கள் தெரியாமல் நோய் வீட்டுக்குள் போனார்கள். விழாவுக்கு வந்தவர்களைவிடச் சுடுகாட்டுக்குப் போனவர்கள் அதிகம்.

இரண்டாம் ராஜா செங்கோடன் பயந்தவன். எல்லா வீட்டிலும் வேப்பிலை கட்டு, எவனும் வெளியே வரக் கூடாது என்றான். வந்தவனுக்குக் கசையடி. எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் பசி என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சலில் பிழைத்தவன் பட்டினியில் போனான்.

மூன்றாம் நாடு சின்னது. அதன் ராஜா இளவெயினன், வேப்பிலை கட்டிய வீட்டுக்கு மூன்று வேளையும் வாசலுக்கே கஞ்சி வரும் என்றான். முதல் நாள் ஒருவரும் கட்டவில்லை. இரண்டாம் நாளும் கட்டவில்லை. மூன்றாம் நாளும் கட்டவில்லை. காய்ச்சிய கஞ்சி மாட்டுக்குப் போனது. நோய் மட்டும் வீடு வீடாகப் போனது.

ராஜா குருவாச்சியைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"உங்க மகளுக்கு நாலு நாளா காய்ச்சல்னு ஆத்துல துணி துவைக்கிறவங்க எல்லாம் பேசுறாங்க, ராசா. உங்க வாசல்ல மாவிலைதான் தொங்குது. அப்புறம் நாங்க மட்டும் எதுக்கு வேப்பிலை கட்டணும்?"

மந்திரி குறுக்கே வந்தார். அரண்மனையில் வேப்பிலை தொங்கினால் இளவரசிக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகும், எதிரிகள் படை திரட்டுவார்கள் என்றார். ராஜா மகளின் அறை வாசலில் நின்று அவளையே கேட்டான்.

"கட்டுங்க அப்பா," என்றாள் அவள் படுத்தபடி. "வேப்பிலைக்குப் பயந்து ஓடுற மாப்பிள்ளை எனக்கு எதுக்கு?"

ராஜா ஏணி கேட்டான். தானே ஏறி மாவிலையை அவிழ்த்தான், வேப்பிலையைக் கட்டினான். கீழே ஊரே நின்று பார்த்தது.

அன்றே மூன்று வீட்டில் வேப்பிலை ஏறியது. மறுநாள் முப்பது. அதற்கு மறுநாள் முந்நூறு. அண்டா போதாமல் அரண்மனை அடுப்பிலும் கஞ்சி கொதித்தது. வயிறு நிறைந்தவர்கள் வீட்டோடு இருந்தார்கள். நாற்பதாம் நாள் கடைசி இலையும் இறங்கியது. செத்தவர்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இளவரசி எழுந்து நடந்தாள். ஊரும் எழுந்து நடந்தது.

சேதி பரவி மற்ற இரண்டு ராஜாக்களும் உதவி கேட்டு ஆள் அனுப்பினார்கள். நேரில் வர வெட்கம். இளவெயினன், காய்ச்சல் வந்து பிழைத்த சமையல்காரர்கள் இருபது பேரை அரிசி மூட்டையோடு அனுப்பி வைத்தான். குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அனுப்பியிருப்பேன். அந்த இரண்டு நாட்டிலும் மழைக்கு முன்னே காய்ச்சல் நின்றது, உழவு தொடங்கியது.

தன் வீட்டு நோயையும் மறைக்காமல் சொல்லி, சொன்னவர்களைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்கிற அரசுதான் ஜனங்களைக் காப்பாற்றும்.